பாக்கியம் அத்தை கவனமாகத்தான் வண்டி ஓட்டினார்

செய்தி மூன்றாம் பாடவேளையில் வந்தது. அலுவலக உதவியாளர் வகுப்பு வாசலில் நின்று என் பெயரைச் சொன்னார். வெளியே அப்பா நின்றிருந்தார். தலைக்கவசத்தைக்கூடக் கழற்றவில்லை. என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"அத்தை உக்காந்துட்டாங்களாம்மா. ஜெசி அக்கா போன் பண்ணுச்சு" என்றார்.

அத்தையை அறியாதவர்களுக்கு இது ஒரு செய்தியாகவே தோன்றாது. எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. அத்தை சாக்லேட் செய்யும் அறையில் ஒரு முக்காலி உண்டு. அதன்மேல் தட்டுகள் இருக்கும், பொட்டலங்கள் இருக்கும். அத்தை அதில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. சாப்பிடுவதும் நின்றுகொண்டுதான். பக்கத்து வீட்டு ஜெசி அக்கா அன்று பாத்திரம் கொடுக்கப் போனபோது, அத்தை அந்த முக்காலியில் சுவரில் சாய்ந்தபடி இருந்திருக்கிறார். "என்னக்கா, அதிசயமா உக்காந்துட்டீங்க" என்று சிரித்துக்கொண்டே கேட்டாராம். பதில் வரவில்லை. நாங்கள் அட்டுவம்பட்டியில் அத்தை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் வந்து பார்த்துவிட்டுக் கிளம்பியிருந்தார். மாரடைப்பு என்றார்கள். அத்தைக்கு அறுபத்தொரு வயது.

முப்பதாம் நாளுக்கு ஒரு சிறு நினைவு மலர் போடலாம் என்று அப்பா சொன்னார். நான் நிறையப் படிக்கிறவள் என்பதால் கட்டுரையை என்னையே எழுதச் சொன்னார். அத்தையின் உழைப்பையும் தைரியத்தையும் எழுது என்றார். எழுதுகிறேன். ஆனால் இதை எழுத எனக்கு வேறொரு காரணமும் இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

துக்க வீட்டில் நான் காபி கொடுத்துக்கொண்டிருந்தேன். பந்தலின் ஓரத்தில் எங்களுக்கு நெருங்கிய இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். "நல்ல மனுசிதான். ஆனா பொறுப்பு பத்தாது. அன்னைக்கு அந்தப் புள்ளையவும் சேத்துல்ல கொளுத்தியிருப்பா" என்று ஒருவர் சொன்னார். "வண்டின்னா அவளுக்குக் கண்ணு மண்ணு தெரியாது" என்றார் மற்றவர். நான் காபியை வைத்துவிட்டு வந்துவிட்டேன். அவர்கள் சொன்னது தவறு என்று எனக்குத் தெரியும். அது எனக்கு மட்டும்தான் தெரியும். அன்றும் நான் வாயைத் திறக்கவில்லை. அதிலிருந்து எனக்கு ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. படிக்க உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன்.

அத்தையின் முழுப் பெயர் பாக்கியலட்சுமி. அப்பாவுக்கு மூத்தவர். இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, எட்டு வயதில் தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு கப்பல் ஏறி இந்தப் பக்கம் வந்தவர். கோடைக்கானலுக்கு வந்து ஐம்பது ஆண்டுகளுக்குமேல் ஆகியும் அவர் பேச்சில் அந்த இலங்கை மலை போகவில்லை. சீக்கிரம் வா என்பதற்கு இங்கே எல்லோரும் "வெரசா வா" என்றால் அவர் "சுருக்கா வா" என்பார். 'சுருக்கா' என்பதுதான் நான் அவரிடம் அதிகமாகக் கேட்ட சொல். சுருக்கா குளி, சுருக்கா சாப்பிடு, சுருக்கா படி. புத்தகத்தைக்கூடச் சுருக்காகப் படிக்க முடியுமா என்று ஒருமுறை கேட்டேன். "ஏன், கடைசிப் பக்கத்தை முதல்ல பார்த்துட்டா முடிஞ்சுது" என்றார்.

மாமா ஒரு பங்களாவில் டிரைவராக இருந்தவர். பங்களாவை விற்றுவிட்டு ஊரைவிட்டுப் போன முதலாளி, யாரும் வாங்க முன்வராத தம் பழைய ஸ்போர்ட்ஸ் காரை மாமாவிடமே விட்டுவிட்டுப் போனார். கரும்பச்சை நிறம். இரண்டே இருக்கைகள். தரையோடு தரையாக இருக்கும். ஏறுவது என்றால் உண்மையில் இறங்க வேண்டும். மேலே துணிக்கூரை. மாமா அதைத் துடைத்து வைப்பதோடு சரி. அவர் இறந்தபோது எனக்கு ஐந்து வயது. துக்கம் முடிந்ததும் வண்டியைக் கொடுத்துவிடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். அத்தை அடுத்த வாரமே ஓட்டுநர் பயிற்சியில் சேர்ந்தார். அப்போது அவருக்கு ஐம்பது வயது.

"இது ரெண்டு பேரு போற வண்டிக்கா. இதுல எங்கிட்டு சாமான் ஏத்துவீங்க?" என்று பெருமாள்மலை மெக்கானிக் செல்வம் அண்ணன் கேட்டாராம்.

"நான் ஒரு ஆளு. மத்த சீட்டு சாக்லேட்டுக்கு" என்றார் அத்தை.

அப்படித்தான் நடந்தது. வீட்டில் செய்த சாக்லேட்டைத் தட்டுத் தட்டாக அந்த இருக்கையில் அடுக்கிக்கொண்டு, ஏரிப் பக்கத்துக் கடைகளுக்கும் பெருமாள்மலைக் கடைகளுக்கும் அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். சுற்றுலா வந்தவர்கள் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பார்கள். அத்தை பொறுமையிழந்து ஹாரன் அடிப்பார். விடுமுறை நாட்களில் நானும் போவேன். பாதாம் சாக்லேட் தட்டுகள் என் மடியில் இருக்கும். ஒரு கையில் தட்டு, ஒரு கையில் கதைப் புத்தகம் என்று போயிருக்கிறேன். வளைவுகளில் அத்தை, "புத்தகத்தை விடு, பாதாமைப் பிடி" என்பார்.

நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது பெருந்தொற்று வந்தது. எங்கள் வீட்டில் எல்லோருக்கும், அத்தைக்கும் காய்ச்சல். எல்லோருக்கும் மணமும் சுவையும் போயின. சில வாரங்களில் திரும்பி வந்தன. அத்தையும் தமக்கு வந்துவிட்டது என்று சொன்னார். நாங்கள் நம்பினோம். அதன் பிறகு ஒவ்வொரு தட்டிலும் முதல் துண்டை என்னிடம் நீட்டி, "எப்படி இருக்கு, சொல்லு" என்று கேட்பது அவருக்கு வழக்கமாயிற்று. என்மேல் உள்ள பிரியம் என்று நினைத்தேன். நான் புத்தகத்தில் படித்த சொற்களையெல்லாம் போட்டு விளக்குவேன். அவர் அடுப்பை அணைக்காமல், கிளறுவதை நிறுத்தாமல், மிகவும் கூர்ந்து கேட்பார்.

சென்ற ஆண்டு புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை, பெருமாள்மலைக்குப் போகும் வழியில் எனக்குப் பெட்ரோல் வாசம் வந்தது. தலை வலித்தது. சொன்னேன். "ஆமா, லேசா வருது" என்றார் அத்தை. லேசாக வரவில்லை. வண்டி முழுவதும் பெட்ரோலில் ஊறியது போல இருந்தது. எதிரே வந்தவர்கள்கூட மூக்கைப் பிடித்தார்கள். அத்தை கூரையை மூடியபடி நிம்மதியாக ஓட்டிக்கொண்டிருந்தார்.

அன்று மாலை நான் செய்ததை நினைத்தால் இன்றும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அலமாரியில் வெனிலா எசன்சும் புதினா எசன்சும் இருந்தன. ஒரே மாதிரி சின்னப் புட்டிகள். லேபிள்களை என் விரலால் மறைத்துக்கொண்டு ஒன்றைத் திறந்து நீட்டினேன். இது எது என்று கேட்டேன். அத்தை முகர்ந்தார். என் முகத்தைப் பார்த்தார். "வெனிலா" என்றார். அது புதினா. மறுபடி அதையே நீட்டினேன். "இது புதினா" என்றார். எனக்கு அறிவியல் சோதனை ஒன்று வெற்றிபெற்ற மகிழ்ச்சி ஒரு நொடி இருந்தது. அடுத்த நொடி அவர் முகத்தைப் பார்த்ததும் புட்டியை மூடிவிட்டேன்.

அத்தை கோபப்படவில்லை. கிளறிக்கொண்டே பேசினார். காய்ச்சல் வந்ததிலிருந்து ஒரு வாசமும் இல்லை என்றார். கடிகாரத்தையும் வெப்பமானியையும் பார்த்தும், என் முகத்தைப் பார்த்தும்தான் இத்தனை நாள் செய்ததாகச் சொன்னார். பிறகு கரண்டியை வைத்துவிட்டு, "யாருக்கும் சொல்லாத தாயி. மூக்கு செத்தவ பண்ற சாக்லேட்டை எவன் வாங்குவான்? உங்கப்பாவுக்குத் தெரிஞ்சா வண்டிச் சாவியையும் பிடுங்கிருவாரு. அப்புறம் நான் இந்த வீட்டுக்குள்ள என்னத்தைச் செய்யிறது?" என்று கேட்டார்.

நான் சொல்லவில்லை.

வண்டிக்கு அடியில் குனிந்து பார்ப்பது அடுத்த நாள் தொடங்கியது. பெட்ரோல் தொட்டி பின்னால் இருக்கிறது. அங்கிருந்து ஓர் இரும்புக் குழாய் வண்டியின் வயிற்றோடு முன்னே ஓடி இன்ஜினுக்குப் போகிறது. குழாயின் இரு முனைகளிலும் சிறு ரப்பர் ஹோஸ் துண்டுகள். எங்கோ ஓரிடத்தில் கசிகிறது. எங்கே என்பதுதான் தெரியவில்லை. எங்கள் ஊரில் பனிமூட்டமாக மஞ்சு இறங்கும் காலத்தில் காலையில் எல்லாமே நனைந்திருக்கும். குழாயெங்கும் துளித்துளியாக ஈரம். எது மஞ்சுத் தண்ணீர், எது பெட்ரோல் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. தொட்டு முகர்ந்தால்தான் தெரியும். அத்தையால் அது முடியாது. நான் சாக்கு விரித்துப் படுத்து, விரலால் ஒவ்வோர் இடமாகத் தொட்டு முகர்ந்து, தொட்டியை ஒட்டிய பின்பக்க ஹோஸ் என்று கண்டுபிடித்தேன்.

அத்தை உடனே துணி சோப்பை எடுத்து வந்து அதன்மேல் தேய்த்தார். தொட்டியில் ஓட்டை விழுந்தால் டிரைவர்கள் சோப்பு வைத்து அடைப்பார்கள் என்று மாமா சொல்லியிருக்கிறாராம். இரும்புத் தொட்டியில் அது நிற்குமோ என்னவோ, வளைந்து கொடுக்கும் ரப்பரில் நிற்கவில்லை. இரண்டாம் நாள் சோப்பும் வழுக்கிக்கொண்டு வந்தது. செல்வம் அண்ணனை வரச் சொன்னோம்.

அவர் சோப்பைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, வண்டியைக் குளிப்பாட்டுனீங்களா?" என்றார். தொட்டியிலிருந்த பெட்ரோலைக் கேனில் இறக்கினார். கிளிப்பைத் தளர்த்தி ஹோஸைக் கழற்றி வளைத்துக் காட்டினார். வெளியே நூல் நூலாக வெடிப்பு. உள்ளே ரப்பர் மிட்டாய் போல இளகியிருந்தது. இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் கலப்பதால், பழைய ரப்பரை அது அரித்துவிடுகிறது என்று விளக்கினார். கையிலிருந்த புதிய ஹோஸை வெட்டிப் போட்டார். பின்பக்கக் கசிவு அன்றோடு நின்றது. பிறகு பானட்டைத் திறந்து முன்பக்க ஹோஸைப் பார்த்தார்.

"இதுவும் அதே வயசுதான்க்கா. இன்னும் கசியல. ஆனா எப்ப வேணாலும் விட்டுரும். இது இன்ஜின் சூட்டுக்குப் பக்கத்துல கெடக்கு, விளையாட்டு இல்ல. இந்த அளவு ஹோஸ் மதுரையில இருந்து வரணும். ஒரு வாரம் வண்டிய எடுக்காதீங்க."

அது பூஜை விடுமுறைக்கு முந்தைய வாரம். கடைகளில் சாக்லேட் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒரு வாரம் முடியாது என்று அத்தை சொன்னார். செல்வம் அண்ணன் தலையைச் சொறிந்தார். எடுத்தே ஆக வேண்டுமென்றால் ஒவ்வொரு தடவையும் பானட்டைத் திறந்து, தொட்டு முகர்ந்து பார்த்துவிட்டு எடுங்கள், வாசம் கொஞ்சம் வந்தாலும் சாவியைத் தொடாதீர்கள் என்றார். அத்தை என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

ஆகவே அந்த வாரம் நான்தான் அத்தையின் மூக்கு. ஆறு மணிக்கு எங்கள் வீட்டிலிருந்து ஓடுவேன். பானட்டைத் திறப்பேன். ஹோஸின் இரு முனைகளையும் தொட்டு முகர்வேன். கீழே குனிந்து முகர்வேன். "ஒண்ணும் இல்லை அத்தை" என்று நான் சொன்ன பிறகுதான் அவர் சாவியைத் திருகுவார். ஒருநாள் நான் வரப் பத்து நிமிடம் தாமதமானது. கடைக்காரர் போன்மேல் போன் போட்டும் அத்தை தட்டுகளை அடுக்கிவிட்டு வண்டிக்குப் பக்கத்தில் நடந்துகொண்டே இருந்தாராம். வண்டியை எடுக்கவில்லை. அவசரக்காரர், பொறுப்பில்லாதவர் என்று சொல்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பதினாறு வயதுப் பெண்ணின் சொல் வரும்வரை அவர் காத்திருந்தார்.

ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை. எனக்கு முந்தின நாளிலிருந்து கடுமையான சளி. மூக்கு இரண்டு பக்கமும் அடைத்திருந்தது. அம்மாவுக்குத் தெரிந்தால் பள்ளிக்கு விடமாட்டார் என்று மறைத்திருந்தேன். அன்று மாவட்ட அளவிலான கட்டுரைப் போட்டி. எட்டரைக்குள் டவுனில் இருக்க வேண்டும். அத்தை கடைக்குப் போகும் வழியில் என்னை இறக்கிவிடுவதாகச் சொல்லியிருந்தார். அன்று தட்டுகள் தயாராகத் தாமதமாகி, பஸ்ஸுக்கு நேரம் கடந்துவிட்டது.

பானட்டைத் திறந்தேன். ஹோஸ் நனைந்திருந்தது. எல்லா நாளும் நனைந்துதான் இருந்தது. தொட்டு முகர்ந்தேன். ஒன்றும் தெரியவில்லை. தெரியாது என்பது எனக்குத் தெரியும். மூக்கு அடைத்திருக்கிறது அத்தை என்று சொன்னால் அவர் வண்டியை எடுக்கமாட்டார். போட்டி போய்விடும். அத்தை கேட்டார், "நல்லா பாத்தியா?"

"ஒண்ணும் இல்லை அத்தை" என்றேன்.

இதுதான் நான் சொல்ல வந்தது. மீதியை ஊர் அறியும், ஆனாலும் எழுதுகிறேன்.

அட்டுவம்பட்டியிலிருந்து டவுனுக்குப் போகும் வழியில் நாலைந்து வளைவுகள் தாண்டியிருப்போம். பள்ளங்கியிலிருந்து கேரட் மூட்டை ஏற்றிக்கொண்டு பின்னால் வந்த ஒரு பிக்கப் வண்டி விடாமல் ஹாரன் அடித்தது. அதன் டிரைவர் தலையை வெளியே நீட்டி, "ஏக்கா, பொகை வருது, நிறுத்துங்க" என்று கத்தினார். அத்தை மலைப்பக்கமாக ஒதுக்கி இன்ஜினை அணைத்தார். என் தோளைப் பிடித்து வெளியே தள்ளினார். பானட்டின் இடுக்கில் தீ தெரிந்தது. சின்னத் தீதான், ஒரு கை அளவு. அத்தை பானட்டைத் திறக்கப் போனார். தகடு சூடாக இருந்திருக்கிறது. அதிலிருந்து கையை எடுத்தபோது வலது உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது. பிக்கப் டிரைவரும் அவரோடு வந்த பெண்ணும் கழுவிய கேரட் இருந்த ஈரச் சாக்குகளைக் கொட்டிக் கவிழ்த்துவிட்டு, ஒரு சாக்கால் பிடித்துப் பானட்டைத் தூக்கி, மற்றவற்றைத் தீயின்மேல் போட்டு அமுக்கினார்கள். அணைந்தது. சாலை முழுவதும் கேரட் உருண்டு கிடந்தது. அந்த இருவருக்கும் இந்த மலர் வழியாக எங்கள் குடும்பத்தின் நன்றி.

மருத்துவமனையில் அத்தையின் கையில் மருந்து வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தேன். நர்ஸ் என்னைத் திரும்பிப் பார்த்து, "ஏம்மா, மூக்கு இப்படி அடைச்சுக் கெடக்கே, எத்தனை நாளா?" என்று கேட்டார். நேற்றிலிருந்து என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. அத்தை என்னைப் பார்த்தார். கண் இமைக்காமல் பார்த்தார். பிறகு தம் கையைப் பார்த்துக்கொண்டார்.

அப்பா ஓடி வந்தார். நாங்கள் மறைத்தது எல்லாம் அன்று வெளியே வந்தது. அத்தையின் மூக்கு விஷயம், ஹோஸ், செல்வம் அண்ணன் எச்சரித்தது, எல்லாம். அப்பா அத்தையிடம் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அன்று உயர்த்தினார். "கிளம்புறப்ப பாத்தீங்களா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கக்கா."

"பாக்கல தம்பி" என்றார் அத்தை. "புள்ள பாக்குறேன்னுதான் சொன்னா. நேரமாச்சுன்னு நான்தான் இழுத்து ஏத்திக்கிட்டு வந்தேன். என் தப்பு."

நான் வாயைத் திறக்கவில்லை. அப்பா கையை நீட்டினார். அத்தை இடது கையால் வண்டிச் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

அதன் பிறகு மூன்று மாதம் அத்தை நடந்தே திரிந்தார். கட்டுப் போட்ட கையோடு கடை கடையாக ஏறி, தமக்கு வாசம் தெரியாது என்பதை அவரே சொன்னார். ஒரே ஒரு கடைக்காரர் மட்டும் வாங்குவதை நிறுத்தினார். மற்றவர்கள், "நாலு வருசமா இந்தச் சாக்லேட்டைத்தானே வித்தோம்" என்று சிரித்துவிட்டார்கள். அவர் பயந்ததில் பாதிகூட நடக்கவில்லை. ஆனால் சாவி வரவில்லை. வீட்டுக்குள் அவர் நடையாய் நடப்பதை ஜெசி அக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டுக்கொண்டே இருப்பாராம்.

ஒருநாள் அவர் சாக்லேட் சுற்றும் மெழுகுத் தாளின்மேல் தண்ணீரும், தாளிப்புக் கரண்டியில் கொஞ்சம் பெட்ரோலும் வைத்துக்கொண்டு ஏதோ செய்துகொண்டிருந்தார். அடுப்பு அணைந்திருந்தது, ஜன்னல் எல்லாம் திறந்திருந்தன. தண்ணீர் துளி தாளின்மேல் முத்தாக நின்றது. பெட்ரோல் துளி பட்ட இடத்தில் மெழுகு கரைந்து தாள் நைந்து கண்ணாடி போல ஆனது. காய்ந்த பிறகும் அந்தத் தடம் போகவில்லை. அத்தை அதை எடுத்துக்கொண்டு செல்வம் அண்ணனைத் தேடிப் பஸ்ஸில் பெருமாள்மலைக்குப் போனார்.

செல்வம் அண்ணன் வந்து தொட்டியிலிருந்து இன்ஜின்வரை எல்லாவற்றையும் கழற்றினார். இரும்புக் குழாயையும் மாற்றினார். எத்தனாலைத் தாங்கும் ஹோஸ், புதுக் கிளிப்புகள். தீயில் கருகியிருந்த வயர்களையும் மாற்றினார். ஒவ்வோர் இணைப்பிலும் அத்தை கீழே படுத்து, தம் கையால் மெழுகுத் தாள் துண்டைச் சுற்றிக் கட்டினார். காலையில் பிரித்துப் பார்ப்பார். முத்து முத்தாக நின்றால் மஞ்சு. தாள் நைந்திருந்தால் கசிவு. பதினைந்து நாள் பார்த்தார். ஒரு தாளும் நையவில்லை. எல்லாத் தாள்களையும் தேதி எழுதி அப்பாவின் முன்னால் விரித்தார். அப்பா ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எழுந்துபோய்ச் சாவியை எடுத்து வந்தார். "என்னக்கா, வக்கீல் மாதிரி வந்துட்டீங்க" என்றார். "மோப்பம் பாக்குறது என் சோலி இல்லைப்பா இனிமே, இந்தத் தாளோட சோலி" என்று செல்வம் அண்ணன் சொன்னது ஊரில் இன்னும் உலவுகிறது. பழைய வண்டி வைத்திருக்கும் இரண்டு பேர் இப்போது அத்தையின் தாளைத்தான் கட்டிப் பார்க்கிறார்கள்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அத்தை என்னை ஒருமுறைகூட வண்டியை முகரச் சொல்லவில்லை. சாக்லேட்டின் முதல் துண்டை மட்டும் முன்போலவே நீட்டினார்.

அவர் இறப்பதற்கு மூன்று வாரம் முன்பு, பெருமாள்மலையில் தட்டுகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது நானே தொடங்கினேன். "அத்தை, அன்னைக்குக் காலையில எனக்கு..." என்றேன்.

"தெரியும் தாயி."

"அப்பாகிட்ட நான் சொல்லிர்றேன்."

"என்னத்துக்கு? எனக்குச் சாவி கைக்கு வந்துருச்சு. உனக்குப் பரீட்சை கெடக்கு. ஏறு சுருக்கா."

நான் ஏறினேன். அவர் மன்னித்துவிட்டார் என்று அன்று நிம்மதியாக இருந்தது. அது போதாது என்பது பந்தலின் ஓரத்தில் அந்தப் பேச்சைக் கேட்டபோதுதான் புரிந்தது. என்னை மன்னித்ததால் அவர்மேல் விழுந்த சொல் போய்விடவில்லை. அதை அவர் தம்மோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இதுவரை எழுதியதை நேற்று அப்பாவிடம் கொடுத்தேன். வாசலில் நின்றபடியே படித்தார். நடுவில் ஓரிடத்தில் நிறுத்தி மறுபடி முதலிலிருந்து படித்தார். என்னைத் திட்டவில்லை. "எங்கக்காகிட்ட நான் கத்தினேனேம்மா" என்று மட்டும் சொன்னார். பிறகு, ஓர் எழுத்தையும் மாற்றாமல் அச்சுக்குக் கொடுக்கலாம் என்றார்.

இன்று காலை யாரும் கூப்பிடாமலே செல்வம் அண்ணன் பஸ் ஏறி வந்தார். சும்மா நிற்கப்போகும் வண்டியில் பெட்ரோல் இருக்கக் கூடாது என்று தொட்டியைக் காலி செய்தார். கேனில் பாதிக்குமேல் இருந்தது. அத்தை கடைசியாகப் போட்ட பெட்ரோல். அதை என்ன செய்வது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அப்பா தம் பைக்கின் மூடியைத் திறந்தார். செல்வம் அண்ணன் சிந்தாமல் ஊற்றினார்.

மலர் அச்சாகி வந்ததும் அந்தப் பெட்ரோலில்தான் அப்பாவும் நானும் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறோம். முதலில் போக வேண்டிய இரண்டு வீடுகள் எவை என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர்கள் படித்து முடிக்கும்வரை நான் வாசலிலேயே நிற்பேன்.

அத்தை, நீங்கள் அன்று கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுத்தீர்கள். பொய் சொன்னது நான். போய் வாருங்கள்.

— உங்கள் நிவேதா